பவால் சந்நியாசியும் ‘நான்’ என்னும் வழக்கும்

ரயில்வே உத்தியோகத்தில் சேரும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சர்வீஸ் புத்தகம் திறக்கப்படுவதை நம் காலனி அன்பர்கள் அறிவர். அதில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுக்குக் கீழே அங்க மச்ச அடையாளங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு’ என்று அங்கே எழுதப்படும். பக்கத்திலே இடது கைப் பெருவிரல் ரேகை. இத்தகைய புத்தகங்களைப் பல்லாண்டுகளாகப் பேணி வரும் குமாஸ்தாவாகிய நமக்கு, மாலையில் பீரோவைப் பூட்டும்போது சில சமயம் ஒரு வியப்புத் தோன்றுவதுண்டு. இருபது வயதில் வேலையில் அமர்ந்த இளைஞன் அறுபதில் விடை பெறுகிறான். அன்றைய கருங்குழல் இல்லை. பற்களில் பாதி இல்லை. அன்றைய ஆசைகளும் அச்சங்களும் இல்லை. மிஞ்சியிருப்பது கன்னத்து மச்சம் ஒன்றே. அதைக் கொண்டு, ‘அவனே இவன்’ என்று கையெழுத்திட்டு ஓய்வூதியத்துக்கு அனுப்பி விடுகிறோம். அவனே இவன் என்பதற்கு உண்மையில் ஆதாரம் யாது?

வினா மிகப் பழையது. பேரறிஞர் பலர் மோதிக்கொண்ட களம் அது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம் அக்களத்தில் வாளெடுத்து இறங்குவது தகாது. சாத்திர நூல்களை மட்டும் கொண்டு எழுதினால் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டி விளம்பரங்களுக்குப் போய்விடுவர் என்பதும் நமக்குத் தெரியும். ஆகையால் நாம் பிழைக்க வந்த இவ்வங்க நாட்டிலே, இவ்வினாவே ஒரு சிவில் வழக்காக நியாயஸ்தலம் ஏறிய வரலாற்றை முன்வைத்து, சாத்திரங்களை வேண்டிய இடத்தில் சாட்சிக்கு அழைப்போம்.

டாக்கா நகருக்கு வடக்கே ஜெயதேவ்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது பவால் ஜமீன். கிழக்கு வங்கத்தின் பெரிய ஜமீன்களுள் அதுவும் ஒன்று. ராஜா ராஜேந்திர நாராயண ராய் 1901ஆம் ஆண்டிலும், அவர் துணைவியார் ராணி விலாசமணி 1907ஆம் ஆண்டிலும் காலமாயினர். அவர்களுக்குப் புதல்வர் மூவர், புதல்வியர் மூவர். நடுப் புதல்வரான ராமேந்திர நாராயண ராயை மக்கள் ‘மேஜோ குமார்’ என்றழைத்தனர். வேட்டையிலும் யானை குதிரைகளிலும் சென்ற மனம் அவருக்குக் கல்வியில் செல்லவில்லை. தீயொழுக்கத்தால் வரும் நோய் ஒன்றும் அவரைப் பற்றியிருந்தது. 1902இல் விபாவதி தேவியை மணந்தார், மகப்பேறு இல்லை.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உடல் நலத்தை முன்னிட்டுக் குமாரர் டார்ஜிலிங் சென்றார். மனைவியும், மனைவியின் தமையனார் சத்தியேந்திரநாத் பானர்ஜியும், குடும்ப டாக்டரும், பணியாட்களும் உடன் சென்றனர். ‘ஸ்டெப் அசைட்’ என்ற மாளிகையில் தங்கினர். (தேசபந்து சித்தரஞ்சன தாஸ் 1925இல் உயிர் நீத்ததும் இம்மாளிகையில்தான்.) மே மாதம் 8ஆம் தேதி குமாரர் இறந்தார் என்றும், மறுநாள் காலை உடல் எரியூட்டப்பட்டது என்றும் செய்தி வந்தது. வயது இருபத்தைந்து நிரம்பவில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பணம் 30,000 ரூபாய் பெறப்பட்டது. மற்ற இரு சகோதரர்களும் 1910இலும் 1913இலும் பிள்ளையின்றி இறந்தனர். மூன்று இளம் கைம்பெண்களும் கோர்ட் ஆப் வார்ட்ஸின் நிர்வாகமுமாக ஜமீன் நின்றது. ஆயினும் குமாரருக்கு ஈமக்கடன் செய்த நாள் தொட்டே, உடல் முறையாக எரிக்கப்படவில்லை என்னும் பேச்சு ஊரில் அடங்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. டாக்காவில் புரிகங்கை ஆற்றங்கரையில் பக்லண்ட் பந்து என்றொரு உலாவுமிடம் உண்டு. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சடைமுடியும் கோவணமுமாய், உடலெங்கும் நீறு பூசிய சந்நியாசி ஒருவர் அங்கே துனி மூட்டி அமர்ந்திருந்தார். பேசியது இந்தி. பார்த்தவர் சிலர், ‘மேஜோ குமாரின் சாயல்’ என்று முணுமுணுக்கத் தொடங்கினர். ஏப்ரலில் அவரை யானை மீதேற்றி ஜெயதேவ்பூருக்கு அழைத்து வந்தனர். குமாரரின் தமக்கை ஜ்யோதிர்மயி தேவி தம் இல்லத்தில் அவருக்கு உணவிட்டு, அவர் உண்ணும் முறையையும் கைகால்களையும் கூர்ந்து கவனித்தார். மே மாதம் 4ஆம் தேதி, கூடியிருந்த மக்கள் நடுவே, ‘நீர் யார்? உம் தந்தை யார்? தாய் யார்?’ என்ற கேள்விகள் எழுந்தன. சந்நியாசி விடையளித்தார். பாலூட்டி வளர்த்த செவிலியின் பெயர் என்ன என்று கேட்டபோது, ‘அலோகா’ என்றார். கூட்டம் ஆரவாரித்தது. பாட்டியார் சத்தியபாமா தேவியும் மூத்த குமாரரின் விதவையும் அவரை ஏற்றனர். விபாவதி தேவி ஏற்கவில்லை. ஜூன் 3ஆம் தேதி டாக்கா கலெக்டர் லிண்ட்சே, இந்தச் சாது போலி என்று பறை சாற்றி நோட்டீஸ் வெளியிட்டார்.

சந்நியாசி கூறிய கதை இது. டார்ஜிலிங்கில் இறந்தவர் போலக் கிடந்த தம்மை மாலையிலேயே சுடுகாட்டுக்குக் கொண்டு சென்றனர். இடியும் மழையும் வரவே உடன் வந்தோர் ஒதுங்கிடம் தேடி ஓடினர். மீண்டு வந்து பார்த்தபோது பாடையில் உடல் இல்லை. அருகிருந்த நாகா சாதுக்கள் உயிர் இருப்பதைக் கண்டு எடுத்துச் சென்று பிழைக்க வைத்தனர். முன்னை நினைவெல்லாம் அழிந்தது. தரம்தாஸ் என்னும் குருவிடம் தீட்சை பெற்று, ஊர் ஊராகத் திரிந்தார். பல்லாண்டுகள் சென்றபின் தம் வீடு டாக்காவில் உள்ளது என்னும் அளவுக்கு நினைவு திரும்பவே, குரு விடைகொடுத்தனுப்பினார்.

இங்கே வழக்கைச் சற்று ஒத்திவைத்து, சாத்திரக்காரர்களை அழைப்போம்.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டில், வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்த பிக்குவுக்கும் நடந்ததாக ஓர் உரையாடல் பாலி மொழியில் உள்ளது. தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா? தனித்தனியே எதுவும் தேர் அன்று. அவற்றை விலக்கினாலும் தேர் இல்லை. சேர்ந்திருக்கும்போது இட்டு வழங்கும் பெயரே தேர். ‘நாகசேனன்’ என்பதும் அவ்வாறான ஒரு பெயரே என்பார் பிக்கு. நமக்குத் தேரை விட ரயில் பழக்கம். ஹௌரா–சென்னை மெயில் 1900ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. அன்று ஓடிய நீராவி எஞ்சினும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை, ஓர் ஆணி கூட இல்லை. ஆயினும் கோடை விடுமுறைக்கு நாம் டிக்கட் எடுப்பது ‘மெட்ராஸ் மெயில்’ என்ற அதே வண்டிக்குத்தான். பிக்கு கூறியதை விளங்கிக்கொள்ள இதனினும் நல்ல உதாரணம் நமக்குக் கிட்டவில்லை.

அப்படியானால் நேற்றுக் குற்றம் செய்தவன் இன்று, ‘அவன் வேறு, நான் வேறு’ என்று தப்பிவிட மாட்டானா? மன்னன் விடவில்லை. நாகசேனர் அதற்கு ஒரு மாம்பழத் திருடனைக் காட்டுகிறார். ‘தோட்டக்காரன் நட்டது விதை, நான் பறித்தது பழம், இரண்டும் ஒன்றல்ல’ என்று அவன் வாதித்தால் விட்டுவிடுவாயா? விதையிலிருந்தே பழம் தொடர்ந்து வந்தது. மனிதனும் அத்தகையதொரு தொடர்ச்சியே. இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடரைப் போல.

நையாயிகர் இதை ஒப்பவில்லை. கௌதமரின் நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இதற்கு விடை உண்டு: கண்ணால் கண்ட பொருளையே கையால் தொடுகிறோம், கண் தொடுவதில்லை, கை காண்பதில்லை, ‘கண்டதையே தொடுகிறேன்’ என்று இரண்டையும் சேர்த்து அறிபவன் ஒருவன் உளன், அவனே ஆன்மா. நேற்றுக் கண்டதை இன்று, ‘அதுவே இது’ என்று அறிவதும் அவ்வாறே. இருவேறு ஆட்களுக்கு அது இயலாது. இந்நியாய சாத்திரம் பிற்காலத்தில் உச்சம் பெற்றது வங்கத்து நவத்வீபத்திலே. நம் தமிழிலும் இவ்வழக்கு நெடுங்காலம் நடந்திருக்கிறது. மணிமேகலை சமயக் கணக்கர் பலரை நிறுத்திக் கேட்கிறது. நீலகேசி பௌத்தரோடு வாதிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உடலின் வேறாய் உயிர் உண்டென்று நிறுவுகிறது. ‘என் வீடு’ என்பவன் வீடல்லாதது போல, ‘என் உடல்’ என்பவனும் உடலல்லன் என்பது அங்குள்ள காரணங்களுள் ஒன்று.

ஆங்கில நாட்டு லாக் என்பார் 1694ஆம் ஆண்டில் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் வேறு வழி கண்டார். உடலுமன்று, ஆன்மா என்னும் பொருளுமன்று. நினைவு தொடரும் வரையில்தான் ஒருவன் அதே ஆள் என்றார். அரசகுமாரன் ஒருவனின் நினைவெல்லாம் செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் புகுந்தால், அவன் ஊரார் கண்ணுக்குச் செம்மானேயாயினும் உண்மையில் அரசகுமாரனே என்பது அவர் கொள்கை. 1785இல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ரீட் இதைப் பிளந்தார். தோப்பில் திருடிச் சவுக்கடி பட்ட சிறுவன், வளர்ந்து போரில் எதிரியின் கொடியைப் பறித்த வீரன் ஆகிறான். பின்னர்த் தளபதி ஆகிறான். வீரனுக்குச் சவுக்கடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, சவுக்கடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதி அச்சிறுவனா, அல்லனா? (இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு நாட்டு ஞானிகளும் ஆளை அடையாளம் காணப் பழத் திருடனையே பிடித்து வந்திருப்பது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது.)

நினைவை நம்பினால் நேரும் கதிக்குப் பிரெஞ்சு நாட்டில் ஒரு சான்று உண்டு. ஆர்த்திகா என்னும் சிற்றூரின் மார்ட்டின் கேர் என்பவன் 1548இல் வீட்டை விட்டு ஓடினான். 1556இல், ‘நானே அவன்’ என்று ஒருவன் வந்தான். பழைய செய்திகளையெல்லாம் சொன்னான். மனைவியும் ஏற்று மூன்றாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தாள். பிறகு ஐயம் தோன்றி வழக்காயிற்று. 1560இல் துலூஸ் நீதிமன்றம் அவன் பக்கம் சாயும் வேளையில், ஒரு மரக்காலோடு மெய்யான மார்ட்டின் வந்து நின்றான்! பழைய செய்திகளைக் கேட்டபோது மெய்யானவனை விடப் போலியே நன்றாக விடை சொன்னானாம். போலி தூக்கிலிடப்பட்டான். லாக் துரை பிறப்பதற்கு முன்பே அவர் கட்சிக்கு நேர்ந்த தோல்வி இது.

இனி டாக்காவுக்கு மீள்வோம்.

1930ஆம் ஆண்டு ஏப்ரலில் சந்நியாசி வழக்குத் தொடுத்தார். 1933 நவம்பரில் நீதிபதி பன்னாலால் பாசு முன் விசாரணை தொடங்கியது. வாதி தரப்பில் 1,069 சாட்சிகள், பிரதிவாதி தரப்பில் 479 சாட்சிகள். அன்றிரவு டார்ஜிலிங்கில் மழை பெய்ததா என்பதே பெரிய வாதமாயிற்று. புகைப்பட நிபுணரும் ஓவியரும் பழைய படங்களை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர். இன்று போல மரபணுச் சோதனை அன்றில்லை.

பிரதிவாதிகளின் பலம் சந்நியாசியின் மனத்தைத் தாக்குவதில் இருந்தது. குமாரர் ஆங்கிலம் அறிந்த நாகரிகக் கனவான். இவனுக்கோ விளையாட்டுகளின் பெயர் கூடத் தெரியவில்லை என்றனர். நீதிபதி ஆராய்ந்து பார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. மெய்யான குமாரரே தம் பெயரைக் கையெழுத்திடுவதற்கு மேல் அதிகம் எழுதப் படிக்க அறியாதவர். பிரதிவாதிகள் வருணித்த கற்றறிந்த கனவான் என்றும் இருந்ததில்லை. இல்லாத ஒரு குமாரரை உண்டாக்கி, அவரைப் போல் இவர் இல்லை என்று நிரூபித்துக் கொண்டிருந்தனர்! இறந்தவரை, அல்லது இறந்ததாகக் கருதப்பட்டவரை, நம் நினைவு எவ்வளவு அழகுபடுத்தி விடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு தாக்குதல் மொழி பற்றியது. நாம் இவ்வழக்கை இம்மலருக்குத் தேர்ந்ததும் அதன் பொருட்டே. வங்கத்தில் பிறந்து, வங்காளியாய் வளர்ந்த ஒருவன் தாய்மொழியை மறப்பானா? இவனுடைய வங்காளியில் இந்தி வாடை வீசுகிறது. ஆகவே இவன் பஞ்சாபி, லாகூர்ப் பக்கத்து ஔஜ்லாக் கிராமத்து மால் சிங் என்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் இந்தி பேசும் சாதுக்களோடே உண்டு உறங்கித் திரிந்தவன் நாவில் அவ்வாடை படிவது வியப்பன்று என்று கொண்டு, மால் சிங் கதையை நீதிபதி தள்ளிவிட்டார்.

இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்தோம். சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயாரிடம், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் இளைய மகன் இரவு ஒன்பது மணிக்கு, “பாட்டி, எனக்குத் தூக்கம் கிடைச்சிருக்கு” என்றான். வங்காளியில் அப்படித்தான் சொல்வார்கள், ‘கூம் பேயேசே’. தாயார், “எங்கேடா கிடைச்சது? பத்திரமா எடுத்து வச்சுக்கோ” என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அன்று நமக்குத்தான் தூக்கம் கிடைக்கவில்லை. பையனைக் குறை கூறி என்ன பயன்? பதினான்கு ஆண்டுகள் போகாதிருந்து நாமே சொந்த ஊருக்குப் போனபோது, கடைத்தெருவில் வாய் திறந்ததும், “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்கள். நாம் பிறந்த தெருவுக்கு அடுத்த தெரு அது! ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை, பாதிப் பார்வை போன கண்ணோடு, நாம் பேசுவதற்கு முன்பே பெயர் சொல்லி அழைத்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். “நடையைப் பார்த்தாலே தெரியாதா? எங்கண்ணன் நடை” என்றார். அது நம் தந்தையாரின் நடை என்பது அன்றுவரை நமக்கே தெரியாது.

நீதிபதி பாசு கண்ட வழியும் ஏறக்குறைய அத்தை வழிதான். குமாரரின் உடல் பற்றி 1909க்கு முன்பே பதிவாகியிருந்தவையும், ஐயமின்றி நிலைநாட்டப்பட்டவையும் எவை என்று ஒவ்வொன்றாக எடுத்து, வாதியின் உடலோடு ஒப்பிட்டார். மேனியின் நிறம், மயிரின் நிறம், காதின் அமைப்பு, உடைந்த பல், கையில் புலி நகக் கீறல், இடது கணுக்காலின் வெளிப்புறத்தில் வண்டிச் சக்கரம் ஏறிய ஒழுங்கற்ற தழும்பு, காலணி அளவு ஆறு. எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது பாதத்தின் தோல். பவால் குடும்பத்தில் சிலருக்கு மணிக்கட்டிலும் புறங்காலிலும் தோல் செதில் செதிலாக இருக்கும்; வழிவழியாக வருவது. சந்நியாசியின் காலிலும் அஃது இருந்தது. ஒவ்வோர் அடையாளமும் தனித்தனியே பிறரிடம் இருக்கலாம். அத்தனையும் ஒரே உடலில் வேறொருவரிடம் கூடி வருமா என்பதே கேள்வி. 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி, 532 பக்கத் தீர்ப்பில், வாதியே ராமேந்திர நாராயண ராய் என்றார்.

சாத்திரக்காரர்கள் எல்லோரும், ‘நான் யார்?’ என்று உள்ளிருந்து கேட்டனர். நீதிபதி, ‘இவன் யார்?’ என்று வெளியிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. நினைவு அறுந்து மீண்டது, மொழி திரிந்தது, குடும்பப் பெயர் போய்க் கையிலே குருவின் பெயர் பச்சை குத்தப்பட்டது. லாக்கின் அளவுகோலால் பார்த்தால் டார்ஜிலிங்கில் இறந்தவர் ஒருவர், டாக்காவுக்கு வந்தவர் வேறொருவர் என்று கூடச் சொல்லிவிடலாம். சொத்தோ அந்தக் கணுக்காலுக்கும் அந்தப் பாதத்துக்கும் போயிற்று. நையாயிகரின் ஆன்மா அங்கே இருந்திருக்கலாம். ஆனால் ஆன்மாவைக் கூண்டில் ஏற்றிக் காட்டும் வக்கீல் எவருமில்லை. நம் கருத்தில் நாகசேனரின் பிக்ஷா பாத்திரத்திலேதான் இவ்வழக்குக்கு அதிக அரிசி விழுகிறது. விதையை மறந்துவிட்ட பழமும் அந்த மரத்துப் பழமே. வேதாந்தம் கற்ற அன்பர்கள் நம்மை மன்னிக்க.

பிரதிவாதிகள் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போயினர். நீதிபதிகள் மூவரில் காஸ்டெல்லோவும் விஸ்வாஸும் வாதியின் பக்கம். லாட்ஜ் என்பவர் எதிர்ப்பக்கம். 1940இல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பின்னர் லண்டன் பிரிவி கௌன்சில். அங்கு அமர்ந்த மூவருள் ஒருவர், முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். 1946 ஜூலை 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதை ஊன்றிப் படித்தால் ஒரு நுட்பம் தெரியும். ‘இவரே குமாரர்’ என்று அவர்கள் புதிதாக ஆராய்ந்து முடிவு கட்டவில்லை. கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஒருமித்துக் கண்ட உண்மை விஷயத்தில், தக்க காரணமின்றித் தலையிடுவதில்லை என்ற விதியைச் சொல்லியே அப்பீலைத் தள்ளினர். அவ்விதிக்காக இந்திய நீதிமன்றங்கள் இவ்வழக்கை இன்றும் எடுத்துக் காட்டுகின்றன. ஆக, முப்பத்தேழு ஆண்டுகளாக எழுந்த வினாவுக்கு இறுதி விடையாகக் கிடைத்தது, ‘இரண்டு பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், இனிக் கிளறாதீர்’ என்பதே. நம் ஆபீசில் தணிக்கைக் குறிப்புகளை முடித்து வைப்பதும் இம்முறையில்தான்.

தீர்ப்புச் செய்தி கல்கத்தாவுக்கு எட்டிய சில நாட்களுக்குள் வாதி காலமானார். இம்முறை ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரே பெயருக்கு இரண்டாம் முறையாக ஈமக்கடன் செய்யப்பட்டது.

ஜெயதேவ்பூர் இன்று வங்காளதேசத்தின் காஜிபூரில் சேர்ந்தது. பவால் அரண்மனை மாவட்ட அலுவலகமாயிற்று. 1975இல் உத்தம்குமார் நடித்த ‘சந்நியாசி ராஜா’ படத்தை நம் அண்டை வீட்டு வங்காளி மாமிகள் இன்றும் கண்ணீரோடு சொல்வர். 2002இல் பார்த்தா சாட்டர்ஜி என்னும் பேராசிரியர் இவ்வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி உண்டு.

விபாவதி தேவி கடைசி வரை அவரைக் கணவராக ஏற்கவில்லை. சொத்தில் தமக்கு வர வேண்டிய பங்கையும் வேண்டாமென்றார். வாங்கினால் அவரைக் கணவரென்று ஒப்பியதாகும் அல்லவா? நீதிமன்றங்களின் கணக்கில் அந்த அம்மையார் கைம்பெண்ணானது 1946ஆம் ஆண்டு ஆகஸ்டில். அவர் தம் கணக்கில் 1909ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி.